உபயக்காரர் இல்லம் தேடிச் செல்லும் ஆண்டு இறுதி மடல்

மார்கழித் திங்கள் பிறந்ததும் நம் நாட்டுச் சிற்றாலயங்களில் இருவகைப் பணிகள் ஒருசேரத் தொடங்கிவிடுகின்றன. வைகறையில் திருவெம்பாவை, திருப்பாவைப் பாராயணமும் வெண்பொங்கல் பிரசாதமும் ஒருபுறம். மாலையில் விளக்கேற்றிய பின்னர், மடைப்பள்ளிக்குப் பக்கத்துச் சிறிய அறையில் ஆண்டுக் கணக்கை முடிக்கும் வேலை மறுபுறம். ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் வெளியே எடுக்கப்படுகின்றன. வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு பொருளாளரின் பேரேடு ஒத்துப் பார்க்கப்படுகின்றது. எண்ணெய்க் கடை, பூக்கடை, பந்தல்காரர் ஆகியோருக்கு நிலுவை ஏதும் உண்டா என்று விசாரிக்கப்படுகின்றது. டிசம்பர் 31-ஆம் நாளுடன் கணக்காண்டு முடிவடையும் ஆலயங்களுக்கு இஃது ஆண்டுதோறும் வரும் அலுவல்தான்.

இவற்றோடு மூன்றாவது பணி ஒன்றும் உண்டு. அது செய்யப்படாமலே போனாலும் அன்றாடப் பூசை நின்றுவிடுவதில்லை. யாரும் கேள்வி எழுப்புவதுமில்லை. அதனாலேயே பல ஆலயங்களில் அது விடுபட்டுப் போகின்றது. ஆண்டு முழுவதும் ஆலயத்திற்குப் பொருளும் உழைப்பும் நல்கிய உபயக்காரர்களுக்கும் ஆதரவாளர்களுக்கும், அவர்கள் தந்தது என்னவாயிற்று என்பதைத் தெரிவித்து எழுதும் ஆண்டு இறுதி மடலே அப்பணி.

‘திருவிழா அழைப்பிதழ்தான் அனுப்புகின்றோமே, அது போதாதா?’ என்று செயலவைக் கூட்டங்களில் கேட்கப்படுவதுண்டு. போதாது. கொடியேற்றம், பால்குடம், தீமிதி, மறுபூசை என நாள்வாரியாக நிகழ்ச்சிகளையும் உபயக்காரர் பெயர்களையும் தாங்கி வரும் அழைப்பிதழின் அடியில் வங்கிக் கணக்கு எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அஃது இனி நடக்கவிருப்பதை அறிவிப்பது. பொருள் வேண்டி நிற்பது. ஓர் ஆலயத்திலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒரு கடிதம் வருகின்றது, அந்த ஒன்றும் பணம் கேட்டே வருகின்றது என்றால், அதைப் பிரித்துப் படிக்கும் ஆவல் எத்தனை இல்லங்களில் நிலைத்திருக்கும்?

பெரிய ஆலயங்களின் நிலை வேறு. 1873-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திற்கு அலுவலகமும் முழுநேர ஊழியர்களும் உண்டு. பினாங்கில் இந்து அறப்பணி வாரியமும், சிங்கப்பூரில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்து அறக்கட்டளை வாரியமும் தத்தம் பொறுப்பிலுள்ள ஆலயங்களுக்குச் சட்டமுறையான நிர்வாகத்தை ஏற்படுத்தித் தந்துள்ளன. இங்கே பேசப்படுவது அத்தகைய ஆலயங்களைப் பற்றியன்று. பகலில் தொழிற்சாலையிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு, இரவு எட்டு மணிக்குமேல் ஆலயக் கோப்பைத் திறக்கும் செயலாளர்களைக் கொண்ட சிற்றாலயங்களைப் பற்றியது.

பெரட்டுக் களத்திலிருந்து தாமானுக்கு

சிற்றாலயங்கள் பெரும்பாலானவற்றின் வேர் தோட்டப்புறத்தில் இருக்கின்றது. பால்மரக் காட்டின் நடுவே, லயங்களுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மரத்தடியில் கல்லாகவோ சூலமாகவோ தொடங்கி, பின்னர் தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் பெற்ற மாரியம்மன் ஆலயங்கள் எத்தனை எத்தனை! அக்காலத்தில் உபயக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே எழவில்லை. சம்பள நாளில் வெள்ளி ஒன்றோ இரண்டோ கோயில் சந்தாவாகக் கொடுத்தவர், மறுநாள் காலையில் அதே பெரட்டுக் களத்தில் தண்டலையும் கிராணியையும் நேரில் பார்த்தார். திருவிழா முடிந்து மறுபூசை அன்று கணக்கு வாசிக்கப்படும்போது ஊரே கூடியிருந்தது. ‘சேலைக்கு இவ்வளவா?’ என்று எழுந்து கேட்க எவருக்கும் உரிமை இருந்தது. மேளக்காரர் கூலியிலிருந்து ஆட்டுக்கிடா விலைவரை அனைவருக்கும் தெரிந்த கணக்கு அது.

அந்த ஏற்பாடு குலைந்த கதையை நாடறியும். ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடலால் பல்லாயிரவர் வேலையும் வீடும் இழந்தனர். அவ்விடர் கண்டே 1960-ஆம் ஆண்டில் துன் வீ.தி.சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணக்கரைகளுக்கும் தாமான்களுக்கும் பெயர்ந்தனர். பல இடங்களில் ஆலயம் மட்டும் அங்கேயே நின்றது. சில இடங்களில் வேறிடம் ஒதுக்கப்பட்டுப் புதிய கட்டடம் எழுந்தது.

இன்று அத்தகைய ஆலயத்தின் உபயக்காரர் ஒருவர் ஜொகூர் பாருவில் இருக்கின்றார், இன்னொருவர் சிப்பாங்கில். மகளொருத்தி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கின்றாள். தந்தையார் ஏற்றிருந்த மூன்றாம் நாள் உபயத்தை விடாமல் செய்துவருகின்றார்கள். திருவிழாவன்று காரில் வந்து, அர்ச்சனை முடித்து, அன்னதானத்தில் கலந்துகொண்டு, மாலைக்குள் திரும்பிவிடுகின்றார்கள். ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய கணக்கு அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு அவர்களால் வர இயல்வதுமில்லை. பெரட்டுக் களத்தில் நேருக்கு நேர் நடந்த கணக்கொப்புவிப்புக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது இந்த மடல் ஒன்றே.

கல்லில் எழுதிய கணக்கு

கொடுத்தவர் பெயரையும் கொடுத்த பொருளையும் எழுதிவைத்தல் தமிழர்தம் ஆலய மரபுக்குப் புதிதன்று. 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகளில் மாமன்னன் இராசராசன் தான் கொடுத்தவற்றை மட்டுமா பொறித்து வைத்தான்? தமக்கை குந்தவை பிராட்டியார், தேவியர், அதிகாரிகள், பிறர் என அனைவரும் கொடுத்தவை அங்கே இடம்பெற்றுள்ளன. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பட்டது என்று அளவுகோலின் பெயரும்கூடக் குறிக்கப்பட்டிருக்கின்றது. ஒரு திருவிளக்கு அணையாமல் எரிவதற்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். யாரிடம் ஆடு ஒப்படைக்கப்பட்டது என்பதும் கல்லில் உண்டு. கொடையின் தொடக்கத்தோடு நில்லாமல், அக்கொடை எவ்வழியே விளக்காக எரிகின்றது என்பதுவரை எழுதிவைத்த பாங்கு அது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இன்னும் கடுமையானவை. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மறுபடியும் தேர்வுக்கு நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது! அஃது ஊர்ச் சபைக்குரிய விதியே தவிர ஆலயச் செயலவைக்குரியதன்று என்பது மெய்தான். ஆயினும் இன்றைய ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் சிலவற்றில் அவ்விதி நடப்பிலிருந்தால் வேட்பாளர் பட்டியல் எவ்வளவு சுருங்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

சட்டம் கேட்பதும் உபயக்காரர் கேட்பதும்

மலேசியாவில் சங்கமாகப் பதிவுபெற்ற ஆலயங்கள் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்திற்கு உட்பட்டவை. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவிற்கு ஆண்டறிக்கை அளிக்கப்பட வேண்டும். கூட்டம் நடைபெறாவிடினும், ஆண்டு முடிந்த 60 நாட்களுக்குள் அளித்தாக வேண்டும். பொறுப்பாளர் பட்டியல், வரவு செலவுக் கணக்கு, ஐந்தொகை ஆகியவை அதில் அடங்கும். தொடர்ந்து அளிக்காத சங்கம் பதிவை இழக்கும் நிலைக்கும் ஆளாகலாம். பதிவு போனால் வங்கிக் கணக்கை இயக்குவது முதல் அரசு மானியத்திற்கு விண்ணப்பிப்பது வரை ஒவ்வொன்றும் சிக்கலாகிவிடும். சிங்கப்பூரில் அறநிறுவனமாகப் பதிவுபெற்ற ஆலயங்கள் கணக்காண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் ஆண்டறிக்கையையும் நிதியறிக்கையையும் அறநிறுவன ஆணையரிடம் ஒப்படைக்க வேண்டும்.

சட்டத்திற்காகத் தயாரிக்கப்படும் இவ்வறிக்கையை அப்படியே நகலெடுத்து உபயக்காரருக்கு அனுப்பிவிடலாம் என்று சில நிர்வாகங்கள் கருதுகின்றன. ஒன்றும் அனுப்பாமல் இருப்பதைவிட அது மேல். ஆயினும் ‘பூசைச் செலவு’, ‘பொதுச் செலவு’, ‘இதரச் செலவு’ என்று மூன்று வரியில் முடிந்துவிடும் ஐந்தொகையைப் பார்க்கும் மூதாட்டிக்குத் தாம் தந்த ஐம்பது வெள்ளி எங்கே போயிற்று என்பது விளங்காது. அதிலும் ‘இதரச் செலவு’ என்னும் வரி பெரியதாக இருந்துவிட்டால், விளங்காததோடு ஐயமும் எழும்.

உபயக்காரர் அறிய விரும்புவது வேறு. வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு சந்நிதியில் இருக்கின்றதா? மூலஸ்தானத்தில் மழைநீர் ஒழுகியதே, அது சரிசெய்யப்பட்டதா? குருக்களுக்கு மாதச் சம்பளம் தவறாமல் கிடைக்கின்றதா? தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த குருக்களாயின் அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்பட்டுவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடக்கின்றதா, எத்தனை பிள்ளைகள் வருகின்றனர்? ஆதரவாளரோடு ஆலயத்தைப் பிணைத்து வைப்பவை இத்தகைய செய்திகளே.

எழுதும் முறை

மடல் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கம் போதும். நான்கு பக்க மடலில் மூன்று பக்கத்தைத் தலைவரின் வாழ்த்துரையும் சிறப்பு விருந்தினர் படங்களும் எடுத்துக்கொள்வதைப் பார்க்கின்றோம். அவற்றைச் சுருக்கினாலே அஞ்சல் செலவு மிச்சமாகும். நன்றி முதலில் வரவேண்டும். அதனை அடுத்து, நடந்து முடிந்தவை. அதன்பின், நடக்காமல் போனவை. கணக்கு அதற்கும் பிறகு. வேண்டுகோள் இருக்குமாயின் இறுதியில், ஒரே பத்தியில்.

திருவிழாக் கணக்கைப் பின்வருமாறு எழுதலாம். தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே:

‘ஆடித் திருவிழாவிற்கு உபயமாக வந்தது 18,400 வெள்ளி. செலவு 19,750 வெள்ளி. பந்தல் வாடகை சென்ற ஆண்டைவிடக் கூடிவிட்டது. மழையினால் இரண்டாம் நாள் கூடுதல் கூரை போட நேர்ந்தது. குறைந்த 1,350 வெள்ளி பொது நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. தாங்கள் ஏற்ற மூன்றாம் நாள் உபயத்தில் அபிஷேகம், அலங்காரம், இரவு அன்னதானம் ஆகியவை நிறைவேறின. மீதம் வந்த இரண்டு மூட்டை அரிசி புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்திற்குப் பயன்பட்டது.’

ஏழே வரிகள். ஆயினும் பற்றாக்குறை மறைக்கப்படவில்லை. அதன் காரணமும் கூறப்பட்டிருக்கின்றது. படிப்பவரின் சொந்த உபயம் தனியே சுட்டப்பட்டுள்ளது. அரிசி மூட்டைக்கும் கணக்குச் சொல்கின்றவர்கள் பணத்திற்குச் சொல்லாமலா இருப்பார்கள் என்ற நம்பிக்கை படிப்பவர் மனத்தில் தானே பிறக்கும்.

பற்றாக்குறையை எழுதத் தயங்கும் நிர்வாகங்களே மிகுதி. ‘பணம் போதவில்லை என்றால் நம்மைத் திறமையற்றவர்கள் என்பார்கள்’ என்ற அச்சம் அதற்குக் காரணம். கெட்ட செய்தி எப்படியும் வெளியே போய்விடும். உண்டியல் உடைக்கப்பட்டதும், குருக்கள் பாதியில் விலகிச் சென்றதும், நிலம் குறித்து ஆட்சியாளரிடமிருந்து கடிதம் வந்ததும் சாப்பாட்டுக் கடை வரைக்கும் பேசப்பட்ட பிறகு, ஆலய மடல் மட்டும் ‘எல்லாம் அம்பாள் அருளால் இனிதே நடந்தேறின’ என்று எழுதினால் அடுத்த வரியை யார் நம்புவார்கள்?

திருப்பணி நிதி பற்றி ஒரு சொல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்கு நடத்துதல் மரபு. பாலஸ்தாபனம் செய்து, சிற்பிகளை வரவழைத்து, விமானத்தையும் கோபுரத்தையும் புதுப்பித்து, யாகசாலை அமைத்து முடிப்பதற்குச் சிற்றாலயத்தின் ஓராண்டு வருவாய் எம்மாத்திரம்? அப்பொருள் ஆண்டுக்கணக்கில் சேர்க்கப்படுவது. அந்நிதியை அன்றாடப் பூசைக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்து, ஒவ்வோர் ஆண்டு இறுதியிலும் ‘இன்றைய தேதிக்கு இவ்வளவு உள்ளது, இவ்வாண்டு இதிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை’ என்று மடலில் எழுதுவது இன்றியமையாதது. எட்டாண்டுகளாக இவ்வரியைப் படித்து வந்தவரிடம் ஒன்பதாம் ஆண்டில் கோபுர உபயம் கேட்பதற்கும், எட்டாண்டுகள் மௌனமாக இருந்துவிட்டுத் திடீரெனத் தட்டை நீட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை வீடு வீடாக வசூலுக்குச் சென்றவர்கள் நன்கு அறிவார்கள்.

வரிக்கழிவு பற்றிக் கேட்பவர்களுக்கும் மடல் விடை தரவேண்டும். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அனுமதி பெற்ற அமைப்பு அல்லது நிதிக்கு வழங்கும் நன்கொடைக்கே வரிக்கழிவு உண்டு. அவ்வனுமதி இல்லாத ஆலயம் ‘எங்கள் ரசீது வரிக்கழிவுக்கு உரியதன்று’ என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. பின்னர் வருமான வரி வாரியம் கேட்கும்போது உபயக்காரர் தலைகுனிய நேரக்கூடாதல்லவா?

பொருள் தந்தவர்களை நினைக்கும்போது உழைப்புத் தந்தவர்களை மறப்பதும் வழக்கமாகிவிட்டது. அதிகாலையில் கோலமிடுபவர், வெள்ளிதோறும் பூத்தொடுக்கும் தாய்மார்கள், திருவிழாவில் மூன்று நாள் விடுப்பெடுத்து மடைப்பள்ளியில் காய்கறி நறுக்குபவர், ஒலிபெருக்கி பழுதானால் ஓடிவந்து பார்க்கும் இளைஞர் ஆகியோரின் பெயர் ரசீதுப் புத்தகத்தில் இராது. ஆகையால் மடல் அனுப்பும் பட்டியலிலும் இராது. ரசீதுப் புத்தகத்தைக் கொண்டு மட்டும் பட்டியல் தயாரிக்கும் ஆலயம், தன்னைத் தாங்கி நிற்கும் பாதிப்பேரை விட்டுவிடுகின்றது.

புலனமும் தாளும்

இக்காலத்தில் புலனக் குழு இல்லாத ஆலயம் அரிது. பிரதோஷ நேரம், சங்கடஹர சதுர்த்தி உபயம், நாளைய துப்புரவுப் பணி எனச் செய்திகள் நொடியில் சென்று சேர்கின்றன. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்தபடியே பூசையைக் காணவும் உபயத்தைத் தொடரவும் கைப்பேசிகள் உதவின. அதன் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

ஆயினும் ஆண்டு இறுதி மடலைப் புலனத்தில் மட்டும் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது சரியாகாது. காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே அஃது ஒரு மணி நேரத்தில் மேலே ஏறி மறைந்துவிடும். தாளில் வந்த மடலோ பூசையறைப் படத்திற்குப் பின்னால் செருகி வைக்கப்படுகின்றது. வந்த விருந்தினருக்கு எடுத்துக் காட்டப்படுகின்றது. ஆலயத்தின் தொன்மையையும் தொடர்ந்த வழிபாட்டையும் நிலைநாட்ட வேண்டிய நாள் ஒன்று வருமாயின், ஆண்டு வரிசையாகக் கோப்பில் கிடக்கும் அம்மடல்கள் கூட்டக் குறிப்புகளோடு சேர்ந்து நல்ல ஆவணமாகும். நிலப்பட்டா இல்லாத ஆலயங்களுக்கு இதன் அருமையைத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை.

புதிய சிக்கல் ஒன்றும் தோன்றியிருக்கின்றது. உண்டியலுக்கு அருகே ஒட்டப்பட்டுள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடித்துப் பணம் செலுத்துவோர் பெருகிவிட்டனர். வங்கிக் கணக்கில் தொகை ஏறிவிடுகின்றது. ஆனால் தந்தவர் யார், எந்த ஊர், எதற்காகத் தந்தார் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அன்னதானத்திற்கென்று ஒருவர் அனுப்பிய நூறு வெள்ளி பொது நிதியில் கலந்துவிடுகின்றது. குறியீட்டுப் பலகையின் கீழே, ‘பெயரையும் உபய விவரத்தையும் இவ்வெண்ணுக்குத் தெரிவியுங்கள், ரசீது அனுப்பப்படும்’ என்று எழுதி வைப்பதும், யார் பெயரும் அறியப்படாத தொகையை மடலில் தனி வரியாகக் காட்டுவதும் இதற்கு ஓரளவு பரிகாரமாகும். உபயக்காரர்களின் தொலைபேசி எண்களை மற்றவர் பார்க்குமாறு பட்டியலிட்டு எல்லாருக்கும் அனுப்பிவைக்கும் பழக்கம் மட்டும் அறவே கூடாது.

மொழி குறித்தும் செயலவைகளில் வாக்குவாதம் நடப்பதுண்டு. ஆலய மடல் தமிழில்தான் அமைய வேண்டும். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தேசியப் பள்ளியில் படித்த மூன்றாம் தலைமுறையினர் பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பாட்டனார் பெயரில் உபயம் செய்யும் பேரனுக்குக் கணக்குப் புரியாமற்போவது நியாயமாகாது. தமிழ் மடலோடு, அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்துவிடுவதால் தமிழுக்கு இழுக்கு வந்துவிடாது.

மறைந்தவர் பெயருக்குச் செல்லும் மடல்

ஆண்டு இறுதிப் பணியில் ஆகக் கடினமானது எழுதுவதன்று. முகவரிப் பதிவேட்டைச் சரிபார்ப்பது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் நீலமையில் எழுதப்பட்ட அப்பதிவேட்டில் உள்ளவர்களில் எத்தனைபேர் இன்று இருக்கின்றனர்? பதிவேட்டைப் பாராமல் ஒட்டுச்சீட்டுகளை அச்சிட்டு ஒட்டிவிடும் ஆலயத்திலிருந்து, மூன்றாண்டுகளுக்கு முன் சிவபதம் அடைந்த பெரியவரின் பெயருக்கு ‘திரு’ என்று போட்டே அழைப்பிதழ் போகின்றது. அதைக் கையில் வாங்கும் துணைவியாரின் நெஞ்சம் என்ன பாடுபடும்! ‘முப்பது வருஷம் கோயிலுக்கு உழைத்தார், அவர் போனதுகூட இவர்களுக்குத் தெரியவில்லை’ என்ற ஒரு சொல்லில் அக்குடும்பத்திற்கும் ஆலயத்திற்கும் இருந்த உறவு அறுந்துவிடுகின்றது. சிற்றாலயங்கள் உபயக்காரரை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான், பணமில்லாமையால் அன்று.

அதே பெரியவர் மறைந்த ஆண்டின் மடலில், அவர் முதன்முதலில் உபயம் ஏற்ற ஆண்டையும், திருவிழாவில் அவர் பார்த்த பொறுப்பையும் நினைவுகூர்ந்து இரண்டு வரி எழுதப்பட்டு, அது குடும்பத்தார் பெயருக்கு அனுப்பப்படுமாயின் நிலை முற்றிலும் மாறிவிடுகின்றது. உபயத்தைத் தொடருமாறு அந்த மடலில் கேட்கக்கூடாது. கேட்காமலே, அடுத்த ஆண்டுத் திருவிழா நெருங்கும்போது மகனோ மகளோ தொலைபேசியில் அழைத்து, ‘அப்பாவின் நாள் யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா?’ என்று வினவுவதைப் பழைய செயலாளர்கள் பலரும் கண்டிருக்கின்றனர்.

ஆகவே டிசம்பர் முதல் வாரத்திலேயே பதிவேட்டை எடுத்து, வட்டாரத்திற்கு ஒருவராகச் செயலவை உறுப்பினர்களிடம் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவது நலம். இடம் மாறியவர், மணமாகிச் சென்றவர், மறைந்தவர் எனக் குறித்துவரச் செய்யலாம். இதற்குத் தாய்மார்களே ஏற்றவர்கள். யார் வீட்டில் என்ன விசேடம், யார் எங்கே குடிபெயர்ந்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாது.

அனுப்பும் நாளையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். கணக்காய்வு முடியும்வரை காத்திருந்தால் மடல் பங்குனியில்தான் போய்ச்சேரும். ‘கணக்காய்வுக்கு உட்பட்டது’ என்ற குறிப்புடன் முதற்கணக்கைத் தந்து, தைப்பொங்கலுக்குள் மடல் இல்லம் சேருமாறு அனுப்பிவிடலாம். ஆய்ந்து முடித்த கணக்கு ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்போடு செல்லட்டும். தைப்பூசத்திற்கு முந்திய இரண்டு வாரங்களில் எல்லா ஆலயங்களின் அழைப்பிதழ்களும் ஒரே நேரத்தில் வந்து குவிவதால், அதற்கு முன்பாகவே போய்ச் சேர்வது நல்லது.

உறையினுள் திருநீறு, குங்குமம் கொண்ட சிறு பொட்டலமும், புத்தாண்டுக்கான ஆலய நாட்காட்டியும் வைப்பது பல ஆலயங்களில் வழக்கம். நாட்காட்டியில் பௌர்ணமி, கிருத்திகை, பிரதோஷ நாட்களோடு இன்னும் உபயம் ஏற்கப்படாத நாட்களையும் குறித்துவிட்டால் வேண்டுகோள் பத்தியை மேலும் சுருக்கலாம். திருவெம்பாவைப் பாராயணத்திற்கு வரும் பிள்ளைகள் தாளை மடித்து உறையிலிட, மூத்தவர்கள் கையால் முகவரி எழுதுகின்ற ஆலயங்களும் உண்டு. ஒட்டுச்சீட்டைவிடக் கையெழுத்து முகவரிக்கே வீடுகளில் மதிப்பு மிகுதி என்பது அவர்களின் அனுபவம்.

தைப்பூசம் கழிந்து ஆலயம் சற்று ஓய்ந்திருக்கும் வேளையில், முகவரியில் ஆளில்லை என்று அஞ்சலகம் திருப்பியனுப்பிய உறைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். சில ஆலயங்களில் அவை அலமாரியின் மேற்தட்டில் கிடந்து பழுப்பேறிப் போகின்றன. அவற்றைப் பிரித்துப் பதிவேட்டின் அருகே வைத்துக்கொண்டு, பழைய எண்களுக்கு அழைத்து, பக்கத்து வீட்டாரிடமும் உறவினரிடமும் விசாரித்து, புதிய முகவரியைப் பென்சிலால் எழுதி, அதே மடலை வேறோர் உறையிலிட்டு மாசி பிறப்பதற்குள் மறுபடியும் அனுப்பிவைக்கும் வேலை இன்னும் எஞ்சியிருக்கின்றது.